அப்பா எழுதிய ஏழு வரிகள்

ஜூன் 29, ஞாயிறு

இந்த டைரி சிமெண்டுக் கடையில் அப்பாவுக்குக் கொடுத்தது. வருஷா வருஷம் கொத்தனார்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அப்பா தன் சட்டைப்பை நோட்டைத் தவிர வேறெதிலும் எழுத மாட்டார். அதனால் டைரி நேராக என்னிடம் வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு ‘கலவையில் தண்ணீர் கூடினால் வலு குறையும்’ என்று போட்டிருக்கிறது. ஆறு மாதமாகச் சும்மா கிடந்ததை இன்று ஏன் எடுத்தேன் என்றால், யாரிடமாவது கத்த வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் கத்தினால் அம்மா திருப்பிக் கத்துவாள். டைரி கத்தாது.

முந்தாநாள் இஞ்சினியரிங் ரேங்க் லிஸ்ட் வந்தது. மோசமில்லை. ஏதாவது ஒரு நல்ல கல்லூரியில் ஏதாவது ஒரு பாடம் கிடைக்கும். எந்தப் பாடம் என்பதுதான் இப்போது ஆலங்குளம் முழுக்கப் பேச்சு.

இன்று எங்கள் அடுப்படிக்குக் கான்கிரீட் போட்டோம். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் மாடி கட்டிக் கொடுத்த சொரிமுத்துக் கொத்தனாரின் சொந்த அடுப்படிக்கு இத்தனை நாள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்து கைகொடுத்தார்கள். வந்த பதினோரு பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “என்ன பிள்ள, கம்ப்யூட்டர்தான?” நான் வாயைத் திறக்கும் முன் அம்மா, “பின்ன? கம்ப்யூட்டர்தான்” என்று பதினோரு தடவையும் சொன்னாள். அப்பா கலவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எந்தப் பாடத்தின் மேலும் தனியாக ஆசை கிடையாது. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

கம்பி எட்டு எம்.எம்., ஆறு இஞ்சுக்கு ஒன்று. கனம் நாலரை இஞ்சு. கீழே தாங்கிப் பிடிக்கப் பதினாலு முட்டுக் கம்பு. சும்மா எண்ணினேன்.

ஜூன் 30, திங்கள்

கான்கிரீட்டின் மேல் சிமெண்டும் மணலும் குழைத்துச் சின்னச் சின்ன வரப்பாக அப்பா பாத்தி கட்டிவிட்டுப் போயிருக்கிறார். வயலில் நெல்லுக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரி. அதற்குள் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். காலையும் மாலையும் ஊற்றுவது என் வேலை. இருபத்தொரு நாள் முடிந்தபிறகுதான் கீழே முட்டுகளைப் பிரிப்பார். இன்று இருபத்தாறு குடம் ஏற்றினேன். தோள் கழன்றுவிட்டது.

அடுப்படிக்குள் சவுக்குக் கம்பு முட்டாக நிற்கிறது என்பதால் அம்மா பின்வாசலில் அடுப்பை வைத்துச் சமைக்கிறாள். உப்பு டப்பா உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக்கூட அவள் உள்ளே போகவில்லை. “நீ போய் எடுத்திட்டு ஓடியா” என்றாள். நான் எடுத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தேன். அதற்கு ஒரு திட்டு வாங்கினேன்.

அம்மாவுக்கு முட்டு என்றால் ஆகாது. சங்கிலி மாமா, அம்மாவின் தம்பி, கேரளாவில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்டிரிங் வேலைக்குப் போன இடத்தில் ஒரு சன்ஷேடுக்கு முட்டுகளைச் சீக்கிரம் பிரித்துவிட்டார்கள், அது மாமா மேலேயே விழுந்துவிட்டது. அப்போது எனக்கு நாலு வயசு. மாமா போட்டோ கூடத்தில் இருக்கிறது. அம்மா அதைப் பற்றிப் பேச மாட்டாள். நானும் கேட்டதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

சட்டையைத் துவைக்கப் போடும்போது அப்பாவின் நோட்டு பையிலேயே இருந்தது. நல்ல வேளை பார்த்தேன். அதை யாராவது புதிதாகப் பார்த்தால் பைத்தியக்காரன் எழுதியது என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தின் அடியில் ‘வானம் தோண்டியது’, அதாவது அஸ்திவாரக் குழி, அதற்கு மேலே ‘கல்கட்டு’, அதற்கு மேலே ‘பெல்ட்’, ‘ஜன்னல் மட்டம்’, எல்லாவற்றுக்கும் மேலே உச்சியில் ‘கான்கிரீட்’. கீழேயிருந்து மேலே எழுதிக்கொண்டே போவார். மூன்றாவது படிக்கும்போது நான் பெரிய டீச்சர் மாதிரி, “அப்பா, மேல இருந்துதான் எழுதணும்” என்று சொன்னேன். “வீட்ட மேல இருந்தா கட்டுவாவ?” என்று கேட்டார். அன்றோடு டீச்சர் வேலையை விட்டேன்.

ஜூலை 2, புதன்

இன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

அப்பா புதுக் காலனியில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேனுக்கு வீடு கட்டுகிறார். மத்தியானச் சோறு கொண்டுபோனேன். அங்கே அஸ்வத் சார் நின்றார். காண்டிராக்டரிடம் புதிதாகச் சேர்ந்த இஞ்சினியர், படிப்பை முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கையில் டேப்பை வைத்துப் படிக்கட்டை அளந்துகொண்டிருந்தார்.

“மேஸ்திரி, எல்லாப் படியும் ஆறு இஞ்சு இருக்கு. மொதப் படி மட்டும் ஏழு. இடிச்சிட்டு போடுங்க.”

“சார், தரைக்கு...” என்று அப்பா ஆரம்பித்தார்.

“சொன்னதச் செய்ங்க மேஸ்திரி.”

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவ்வளவுதான். அந்த ஆள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா மாடி கட்டியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்குவாளியோடு நின்றபடியே வாய் தானாகத் திறந்துவிட்டது.

“சார், தரைக்கு டைல்ஸ் போட்டா ரெண்டு இஞ்சு ஏறும். படிக்குக் கல்லு ஒட்டுனா ஒரு இஞ்சுதான் ஏறும். அப்போ மொதப் படி இப்போ ஏழு இருந்தாத்தான கடைசில ஆறு வரும்?”

கலவை போட்டவர்கள் கலவையை நிறுத்திவிட்டார்கள். அஸ்வத் சார் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. “ஆமா... சரி, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், கெட்ட மனுஷன் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கை கழுவினார். சாப்பிட்டார். வாளியை என் கையில் கொடுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “நீ வீட்டுக்குப் போ” என்றார்.

சாயங்காலமும் பேசவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கும் அந்த இஞ்சினியர் முகத்தில்தான் அவர் முழிக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் மகள் வந்து வாயாடினால் எந்த அப்பாவுக்குப் பிடிக்கும்? இனிமேல் வேலை நடக்கிற இடத்துக்கே போகப் போவதில்லை.

ஆனால் ஏழில் ரெண்டு போய் ஒன்று சேர்ந்தால் ஆறுதான். அதை யாராலும் மாற்ற முடியாது.

ஜூலை 3, வியாழன்

அப்பா இன்றும் சரியாகப் பேசவில்லை. தண்ணீர் இரண்டு வேளை.

ஜூலை 5, சனி

அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. பின்வாசலில் அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“ஏம்மா, பொம்பளப் பிள்ளைக சிவில் படிச்சா என்ன?”

சுற்றிக்கொண்டிருந்த பீடி அவள் விரலில் அப்படியே நின்றது. அம்மாவின் விரல் நின்று நான் பார்த்ததே இல்லை. டிவியில் எவ்வளவு அழுகைச் சீன் வந்தாலும் விரல் பாட்டுக்கு ஓடும்.

“யாரு படிக்கப் போறா?”

“யாரும் படிக்கல. கேட்டேன்.”

“உங்கப்பா முதுகப் பாத்திருக்கியா நீ? சட்டையக் கழத்துனா சட்ட போட்ட மாதியே ரெண்டு கலரு. வெயில்ல நிக்க ஒரு ஆளு போதும்ட்டி இந்த வீட்டுல. நம்ம தெருவுக்குள்ளயே மஞ்ச பஸ்ஸு வருது. ஏறி ஒக்காந்தா காலேஜு, எறங்குனா வீடு. கம்ப்யூட்டர் படிச்சமா, ஃபேனுக்கடில ஒக்காந்தமான்னு இரி.”

“இஞ்சினியர் வெயில்ல நிக்க மாட்டாங்க.”

“நிக்காண்டாம். முட்டுக்கடில நிப்பாவல்லா?”

சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். பீடித் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. தூள் நனைந்தால் கடையில் கழித்துவிடுவார்கள். அதற்காகத்தான் அவள் அவசரமாக முந்தானையால் துடைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் இலையை வெட்டிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெனிபாவோடு மார்க்கெட் போனேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள். அவளுக்கு நர்சிங் என்று முடிவாகிவிட்டது. அதனால் ஊரில் இருக்கிற மற்றவர்களுக்கெல்லாம் புத்தி சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது.

“ஒனக்கு என்னதான் வேணும்?”

“எதுனாலும் சரி.”

“ஒம் பொய்ய ஒம் மூஞ்சியே நம்பல” என்றாள்.

திரும்பி வரும்போது ஓடைப் பாலத்தில் ஒரு விரிசல் பார்த்தேன். பக்கச்சுவர் தனியாகவும் பாலம் தனியாகவும் இறங்கியிருக்கிறது. ரெண்டுக்கும் அடியில் மண் ஒரே மாதிரி இல்லை போல. அதைக் காட்டி ஜெனிபாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம்தான். அவள் வாங்கிய கருவேப்பிலை வாடிவிட்டது என்கிறாள். சும்மா மிகைப்படுத்துகிறாள்.

ஜூலை 11, வெள்ளி

வருகிற திங்கள் முதல் புதன் சாயங்காலம் ஐந்து மணிவரை கல்லூரிப் பட்டியல் பதிய வேண்டும். நமக்கு எது முதலில் வேண்டும், அது கிடைக்காவிட்டால் எது என்று வரிசையாகக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். ஆகவே முதல் வரிதான் எல்லாம்.

என் மார்க்குக்குத் திருநெல்வேலி அரசுக் கல்லூரியில் சிவில் கிடைக்கும். மஞ்சள் பஸ் கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைக்கும். நடுவில் இன்னும் ஐந்து.

அப்பாவிடம் ஒரு தாளில் ஏழு பெயரையும் கலந்து எழுதிக் கொடுத்தேன். “நீங்களே வரிசப்படுத்தி எழுதித் தாங்கப்பா. நீங்க எப்பிடி எழுதித் தாரீங்களோ அப்பிடியே போட்டுருதேன்.”

“ஒனக்கு ஒண்ணும் தோணலியா?”

“எனக்கு எதுனாலும் சரிப்பா.”

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. “யோசிச்சித் தாரேன்” என்றார்.

அவர் ‘சிவில்’ என்று எழுதினால் அம்மாவிடம், ‘அப்பாதான் எழுதினாங்க’ என்று சொல்லலாம். இதற்காக ஒன்றும் அவரிடம் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

அப்பா காலை ஆறு மணி பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு வேலை, ஒரு வாரம் தங்கல். நான் எழுந்திருக்கும்போது ஆள் இல்லை. தாள் என் டைரிக்குள் இருந்தது. நான் கொடுத்த தாள் இல்லை, சிமெண்டுக் கடைத் துண்டுச்சீட்டின் பின்பக்கம். பட்டைப் பென்சிலால் ஏழு வரி.

முதல் வரி: மஞ்சள் பஸ் காலேஜ், கம்ப்யூட்டர். தடிமனாக, அழுத்தி எழுதியிருக்கிறார். கீழே வர வர எழுத்து மெலிந்துகொண்டே போகிறது, மனசே இல்லாமல் எழுதியது மாதிரி. கடைசி வரி: திருநெல்வேலி அரசுக் கல்லூரி, சிவில். ஊசி மாதிரி மெல்லிசாக.

சரி. படிக்கட்டு விஷயம் அவர் மனதில் இருக்கிறது. நான் அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று நினைக்கிறார். நியாயம்தான்.

மேலே போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டுப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே வந்ததும் அம்மா, “ஏன் கண்ணு செவந்திருக்கு?” என்று கேட்டாள். “சிமெண்டுத் தூசி” என்றேன். கான்கிரீட் போட்டுப் பதிமூன்று நாள் ஆகிறது, எந்தத் தூசி என்று அவள் கேட்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னம்மா, ஒனக்குப் புடிச்சதுதான மேல இருக்கு?”

“ம்” என்றாள். தாளை மடித்துப் பீடித் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

சாம்பாரில் உப்பு இல்லை. அம்மா சமைத்துச் சாம்பாரில் உப்பு இல்லாமல் இன்றுதான் சாப்பிடுகிறேன். சொன்னேன். “போட்டுக்க” என்று டப்பாவைத் தள்ளிவிட்டாள், சண்டையே போடவில்லை. ஜெயித்தவள் இப்படியா இருப்பாள்?

ஜூலை 14, திங்கள்

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பிரவுசிங் சென்டரில் போய்ப் பட்டியலைப் பதிந்தேன். அப்பா எழுதியபடியே, மேலிருந்து கீழே. தாள் அம்மாவிடம் இருக்கிறது, ஆனால் எனக்கு அது தேவைப்படவில்லை. இனிமேல் புதன்கிழமைக்குள் பூட்ட வேண்டும். பூட்டுகிறவரை மாற்றலாம். எதை மாற்ற?

சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

“அடுப்படிக்குத் தண்ணி ஊத்துனியா?”

“ஊத்துனேன்.”

“காலேஜ் லிஸ்ட்டப் போட்டுட்டியா? நான் எழுதுன மாதியேவா?”

“அதே மாதிதான்ப்பா.”

“எனக்கு இது போதும் பிரம்மு” என்றார். அவ்வளவு சந்தோஷம் குரலில். என் அப்பா அந்த மாதிரிக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனேன். பாத்தியில் தண்ணீர் ததும்ப நிறைய இருந்தது, இருந்தும் இரண்டு குடம் ஊற்றினேன்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மா சங்கிலி மாமா போட்டோவைத் துடைத்து வைத்தாள். இன்று மாமா நினைவு நாளும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஜூலை 16, புதன்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

நாலு மணிக்கு ஜெனிபாவைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பட்டியலைப் பூட்ட ஒரு ஓடிபி வரும். அது அம்மா போனுக்குத்தான் வரும், அந்த நம்பரைத்தான் பதிந்திருந்தோம். போனை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று காலையில் கேட்டதற்கு, “எனக்கு வேணும்” என்று அம்மா கொடுக்கவில்லை. ஜெனிபா போனிலிருந்து கூப்பிட்டேன்.

“அம்மா, ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு. சொல்லு.”

“எதுக்கு நம்பரு?”

“லிஸ்ட்டப் பூட்ட. பூட்டிட்டா அவ்வளவுதான், கம்ப்யூட்டர்தான். ஒனக்குச் சந்தோஷம்தான?”

அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாலு தடவை கூப்பிட்டேன். எடுக்கவே இல்லை. மணி நாலேகால். ஜெனிபா நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவை நான் திட்டாத திட்டு இல்லை, மனசுக்குள்தான்.

நாலு இருபத்தைந்துக்கு அம்மா வந்து நின்றாள். வீட்டுச் சேலையோடு, மடியில் பீடித்தூள் ஒட்டியிருக்க, பஸ் ஸ்டாண்டுவரை வேகுவேகென்று நடந்து வந்திருக்கிறாள். பிரவுசிங் சென்டர் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. நேராக வந்து அப்பாவின் தாளைக் கீபோர்டின் மேல் வைத்தாள்.

“இத எப்பிடிப் படிச்ச?”

“எப்பிடின்னா? மேல இருந்துதான்.”

“உங்கப்பா என்னைக்காவது எதையாவது மேல இருந்து எழுதி நீ பாத்திருக்கியா?”

வீட்டு வேலை நோட்டுதான் அப்படி, காலேஜ் பட்டியல் வேறு என்று நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அப்படி இல்லை. “பலசரக்குச் சீட்டே அவிய அப்பிடித்தான் எழுதுவாவ. அரிசி அடில இருக்கும், ஊறுகா உச்சில இருக்கும். இருபது வருசமா வாசிக்கேன்” என்றாள்.

தாளைத் தூக்கிப் பார்த்தேன். கடைசி வரி ஊசி மாதிரி மெல்லிசு. மேலே போகப் போகத் தடிமன். பென்சில் புதிதாகச் சீவியபோது எழுதிய வரி கீழே இருப்பதுதான். அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார். திருநெல்வேலி அரசுக் கல்லூரி, சிவில். மேலே வருவதற்குள் முனை மழுங்கிவிட்டது. இது ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. மழுங்கியது பென்சில் மட்டும் இல்லை.

“சனிக்கிழமையே எனக்குத் தெரியும்” என்று அம்மா சொன்னாள். அவள் முகம் என்னவோ போலிருந்தது. “சொல்லாம இருந்துட்டா நீ கம்ப்யூட்டருக்குப் போயிருவ. நான் ஒண்ணும் செய்யாண்டாம், வாய மூடிட்டு இருந்தாப் போதும். அப்பிடித்தான் இருந்தேன் நாலு நாளா. ஒரு வாய் சோறு எறங்கல.”

“அப்போ ஏம்மா வந்த?”

“ஒனக்குச் சந்தோஷம்தானன்னு கேட்டியே. இல்லன்னு தெரிஞ்சி போச்சு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அந்தப் படிக்கட்டுல நீ பேசுனியே. உங்கப்பா கோவத்துலயா பேசாம இருந்தாவ? மறுநா காலைல எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ, கண்ணெல்லாம் தண்ணி. எனக்குச் சிரிப்பு வரல. எனக்குச் சங்கிலிதான் வந்தான். அன்னைக்கு அவன் நின்ன எடத்துல, இன்னும் பிரிக்காதியன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. எல்லாரும் பெரியவுக முன்னால வாயப் பொத்திட்டு நின்னுட்டாவ. நீ பொத்த மாட்ட. ஒனக்கு மூடுத வாய் கெடையாது.”

பிரவுசிங் சென்டர்க்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

“உங்கப்பாக்கு எது, எனக்கு எதுன்னு கேக்கல. ஒனக்கு எது வேணும்? ஒரு தடவயாவது வாயத் தொறந்து சொல்லு.”

“சிவில்ம்மா” என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. “சின்னப் பிள்ளையில இருந்தே.”

“அத அவிய கேக்கும்போதே சொல்லித் தொலைக்கதுக்கென்ன” என்று மண்டையில் ஒன்று வைத்தாள்.

மணி நாலு நாற்பது. பழைய ஓடிபி காலாவதியாகிவிட்டது. ஏழு வரியையும் தலைகீழாக மாற்றினேன். அவசரத்தில் ஒன்றை இரண்டு தடவை போட்டு, அழித்து, திரும்பப் போட்டேன். புது நம்பர் கேட்டேன். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். “நாலு. ரெண்டு. ரெண்டு. ஒம்போது. இரி... பூஜ்யம். ஏழு.” ஆறு நம்பரையும் வாசித்து முடித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பூட்டியாயிற்று.

“முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டும்மா.”

“அப்போ வா. பீடிக் கட்டு பாதில கெடக்கு” என்று முன்னால் நடந்துவிட்டாள். ஜெனிபா என்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள். இவள் எப்படி நர்ஸ் ஆகப் போகிறாளோ.

ஜூலை 17, வியாழன்

முதல் வரி கிடைத்தது. திருநெல்வேலி அரசுக் கல்லூரி, சிவில். சம்மதம் என்று பதிந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

அப்பா வந்தார். குளித்துவிட்டு உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு முதலில் எங்கே தப்பு நடந்தது என்றே புரியவில்லை. “நான் கீழதான எழுதுனேன். அஸ்திவாரத்தக் கீழ போடாம பின்ன எங்க போடுவாவ?” என்று கேட்டார். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்துப் புரையேறி, அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. “அந்த நம்பர இவ அன்னைக்குச் சொல்லியிருந்தா...” என்றார். முடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா, “இலை வெட்டணும்” என்று எழுந்து போனாள்.

“ஏம்ப்பா அன்னைக்குப் படிக்கட்டுல எங்கூடப் பேசல?” என்று கேட்டேன்.

“பேசுனா அழுதுருப்பேன். ஆளுக நின்னாவல்லா” என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

இருபத்தொரு நாள் முடிந்தது. காலையில் அப்பா பதினாலு முட்டுக் கம்பையும் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். பலகையைக் கழற்றியதும் அடியில் கான்கிரீட் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது, பலகையின் ரேகை எல்லாம் பதிந்திருந்தது. நான் உள்ளே போய் நாலு மூலையும் பார்த்தேன். நடுவில் தொய்வு இல்லை. விரிசல் இல்லை. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு, பூச்சில் போய்விடும்.

அம்மா பின்வாசலில் நின்றாள். கையில் ஸ்டவ். இருபத்தொரு நாளாக வெளியே சமைத்துச் சலித்துப் போயிருக்கிறாள். ஆனாலும் நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைக்கவில்லை. மேலே பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“விழாதுல்லா?”

அப்பா ஒரு சவுக்குக் கம்பைத் தோளில் வைத்தபடி, “எங்கிட்ட ஏன் கேக்க? அங்கன நிக்காளே, கேளு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் கண்ணில் சங்கிலி மாமா நிற்பது எனக்குத் தெரிந்தது. எனக்கும் விளையாட்டு வரவில்லை. இன்னொரு தடவை மேலே பார்த்தேன். கம்பியை நினைத்துப் பார்த்தேன், ஆறு இஞ்சுக்கு ஒன்று. ஊற்றிய குடத்தையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

“விழாதும்மா. நீ வா.”

அம்மா உள்ளே வந்தாள். ஸ்டவ்வை மேடையில் வைத்துப் பற்ற வைத்தாள். பால் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, பொங்குகிறவரை அங்கேயே, அந்தக் கூரைக்கு அடியிலேயே நின்றாள்.